சாராயக் கடையின் வரவும் ஊரின் செலவும்

மதுபான அனுமதிப்பத்திரம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நமது பக்கத்தில் வழமையாக இரண்டு பதில்கள் வரும். "அது ஹராம், அதில் பேச என்ன இருக்கிறது?" என்பது ஒன்று. "அது குடிப்பவர்களின் விடயம், நமக்கெதற்கு?" என்பது மற்றொன்று. முதலாவது மார்க்கத் தீர்ப்பு. அதில் நமக்குள் மாற்றுக் கருத்துக் கிடையாது. இரண்டாவதில் ஒரு வியாபாரக் கணக்கு மறைந்திருக்கிறது. அந்தக் கணக்குப் பிழையானது என்பதே இவ்வாரம் நான் சொல்ல வருவது.

முந்தல் பிரதேசத்தில் ஒரு சாராயக் கடை எந்தச் சந்தியில் நிற்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது என்பவை குடிக்காத வியாபாரியின் கல்லாவையும் தொடுகின்றன. அது எப்படி என்று பார்ப்போம்.

தீர்மானம் கொழும்பில், விளைவு நமது வீதியில்

இந்நாட்டில் மது விற்பனையை ஆளும் தாய்ச் சட்டம் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அதன் அடிப்படை மாறவில்லை. அனுமதி கொடுப்பதும் வரி அறவிடுவதும் கொழும்பின் கையில் இருக்கின்றன. ஊர் மக்களால் தெரிவு செய்யப்பட்ட பிரதேச சபைக்கு இதில் தீர்மானிக்கும் உரிமை இல்லை.

2024 டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் ஒரு பட்டியலைச் சமர்ப்பித்தார். அந்த ஒரே ஆண்டில் 362 மதுபான அனுமதிப்பத்திரங்கள் வழங்கப்பட்டிருந்ததை அது காட்டியது. தேர்தல் ஆண்டில் அரசியல் சலுகையாக இவை பகிரப்பட்டன என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் எழுந்தது. யாருக்கு எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற விவாதம் சூடாக நடந்தது. அந்தக் கடை வந்து நிற்கும் ஊரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்ற கேள்வியோ அந்தச் சூட்டில் அடிபட்டுப் போயிற்று.

பிரித்தானியர் காலத்தில்கூட நிலைமை இவ்வளவு மோசமாக இருக்கவில்லை. 1912க்குப் பின் வலுத்த மதுவொழிப்பு இயக்கத்தின் அழுத்தத்தினால், ஓர் ஊரில் தவறணை இருக்க வேண்டுமா, மூடப்பட வேண்டுமா என்று அவ்வூர் மக்களிடமே வாக்கெடுக்கும் முறை கொண்டுவரப்பட்டது. 'லோக்கல் ஒப்ஷன்' என்று அதனை அழைத்தார்கள். பல ஊர்களில் மக்கள் வாக்களித்துத் தவறணைகளை மூடினார்கள். அந்நியன் தந்த அந்த உரிமை இன்று ஒரு வார்டு மக்களின் கையிலும் இல்லை.

இரண்டு பேரேடுகள்

மது விற்பனையை நியாயப்படுத்த எப்போதும் சொல்லப்படும் காரணம் அரசாங்க வருமானம். மதுவரித் திணைக்களத்தின் வருமானம் 2024இல் 200 பில்லியன் ரூபாவைத் தாண்டியது. சிறிய தொகையல்ல. ஆனால் வரவை மாத்திரம் எழுதிவிட்டுச் செலவுப் பக்கத்தை வெற்றாக விடுகின்ற பேரேட்டை எந்தக் கணக்காளரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

அந்தச் செலவுப் பக்கத்தை நிரப்ப முயன்ற ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. மதுவினால் ஏற்படும் நோய்கள், காயங்கள், அவற்றுக்கான சிகிச்சை, உழைக்க முடியாமல் போகும் நாட்கள், அகால மரணங்கள் ஆகியவற்றால் 2015இல் இலங்கைக்கு ஏற்பட்ட இழப்பு ஏறத்தாழ 88 கோடி அமெரிக்க டொலர் என்று அது மதிப்பிட்டது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 வீதத்தைச் சற்றுத் தாண்டிய தொகை இது. அன்றைய நாணய மாற்று வீதத்தில் சுமார் 120 பில்லியன் ரூபா. அதே ஆண்டில் மதுவரியாகக் கிடைத்ததோ 100 பில்லியனைச் சற்றே தாண்டிய தொகை. அதாவது, வருமானம் தருகிறது என்று சொல்லப்படும் இந்த வியாபாரம் நாட்டுக்கு நட்டத்தில் ஓடுகிறது.

இதிலும் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. வரவு ஒரே இடத்தில், திறைசேரியில் சேர்கிறது. செலவு ஆயிரம் இடங்களில் சிதறுகிறது. முந்தலில் விற்ற போத்தலின் வரி கொழும்புக்குப் போகிறது. அந்தப் போத்தலினால் உடைந்த மண்டை புத்தளம் வைத்தியசாலைக்கோ சிலாபம் வைத்தியசாலைக்கோ போகிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போகிறது. பட்டினி வீட்டுக்குப் போகிறது. கடைசியாக, வராக் கடன் நமது கடன் கொப்பிக்கு வருகிறது.

அல்குர்ஆன் இந்த விடயத்தைப் பேசிய விதத்தை வியாபாரிகளாகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மதுவைப் பற்றியும் சூதாட்டத்தைப் பற்றியும் கேட்கப்பட்டபோது, அவற்றில் மக்களுக்குச் சில பயன்கள் இருப்பதை அது மறுக்கவில்லை. அவற்றின் தீங்கு பயனைவிடப் பெரியது என்று சொன்னது (அல்பகரா 219). வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அணுகுமுறை இது. பின்னர் இறங்கிய வசனம், மதுவினால் மனிதரிடையே பகைமையும் வெறுப்பும் மூட்டப்படுகின்றன என்று காரணத்தையும் எடுத்துச் சொல்கிறது (அல்மாயிதா 91). மதுவுக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பை இன்றைய ஆய்வாளர்கள் எண்களில் காட்டுகிறார்கள். நமக்கு அது புதிய செய்தியல்ல.

ஒரு கத்திக்குத்தின் கணக்கு

நமது கரையோரத்தின் பொருளாதாரம் ரொக்கப் பணத்தில் ஓடுவது. தென்னந்தோட்டத்தில் பறிப்பு முடிந்தால் கூலி கையில் கிடைக்கும். தும்பு ஆலையில் வாரச் சம்பளம். களப்பிலும் கடலிலும் அன்றாட வருமானம். இறால் பண்ணையில் அறுவடை என்றால் ஒரே நாளில் பெருந்தொகை கைமாறும். மதுரங்குளியிலும் முந்தலிலும் உடப்பிலும் கடை வைத்திருக்கும் எவருக்கும் இது தெரிந்த விடயம். சம்பள நாளின் மாலையில் அந்தப் பணம் முதலில் எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதில்தான் அந்த வாரத்தின் வியாபாரம் தங்கியிருக்கிறது.

இப்போது ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 3,000 ரூபா கூலி பெறும் இருவர் மது அருந்திவிட்டுச் சண்டையிடுகின்றனர். ஒருவர் கத்திக்குத்துக்கு இலக்காகி வைத்தியசாலையில், மற்றவர் விளக்கமறியலில். மாதம் 22 வேலை நாட்கள் என்று வைத்தால், மூன்று மாதத்தில் ஒருவரின் இழப்பு 1,98,000 ரூபா. இருவருக்கும் சேர்த்து 3,96,000 ரூபா. ஊரின் பலசரக்குக் கடைக்கும், பாமசிக்கும், துணிக்கடைக்கும், முச்சக்கர வண்டிக்காரருக்கும் வந்திருக்க வேண்டிய பணம் இது. சட்டத்தரணிச் செலவு, அடகு வைத்த நகை, பாடசாலையை விட்டு இடைவிலகும் பிள்ளை ஆகியவை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கப்படவில்லை.

கணக்கில் ஏறாத இழப்பும் இருக்கிறது. சண்டை நடக்கும் சந்திக்கு மாலையில் பெண்கள் சாமான் வாங்க வருவதில்லை. அக்கம்பக்கக் கடைகள் நேரத்தோடு பூட்டப்படுகின்றன. நல்ல வாடகைக்குப் போக வேண்டிய கடையறை ஆளில்லாமல் கிடக்கிறது.

இவை வீதியில் தெரியும் வன்முறை. வீட்டுக்குள் நடப்பது வேறு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, இந்நாட்டில் திருமணம் முடித்த அல்லது துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் தமது வாழ்நாளில் துணைவரின் கையால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறையைச் சந்தித்திருக்கிறார். மது ஒன்றே இதற்குக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. குடிக்காதவனும் அடிக்கிறான். ஆனால் எரியும் அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது எது என்பதை ஊர்ப் பெண்களிடம் கேட்டால் ஆய்வு தேவைப்படாது.

நேரத்தைக் குறைத்தால் குற்றம் குறையுமா?

குறையும் என்பதற்கு உலகில் ஆதாரம் இருக்கிறது. பிரேசிலில் சாவ்போலோ நகருக்கு அண்மையில் தியதேமா என்ற தொழிற்பேட்டை நகரம் உள்ளது. 1999இல் அங்கே ஒரு இலட்சம் பேருக்கு 103 கொலைகள் என்ற பயங்கர நிலை. கொலைகளில் பெரும்பாலானவை இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் நடப்பதைக் கண்ட நகர சபை, அந்த நேரத்தில் மது விற்கக் கூடாது என்று சட்டம் இயற்றி 2002 ஜூலையில் அமுல்படுத்தியது. கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே அறிவித்து, பின்னர் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். இதனால் மாதத்துக்கு ஏறத்தாழ ஒன்பது கொலைகள் குறைந்தன என்று 2007இல் வெளியான ஆய்வு கூறியது. கடைகளை ஒழிக்கவில்லை. மூடும் நேரத்தை மாத்திரம் மாற்றினார்கள்.

அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரில் 2008இல் மதுச்சாலைகள் மூடும் நேரம் அதிகாலை 5 மணியிலிருந்து 3 மணிக்கும், சில மாதங்களில் 3.30க்கும் மாற்றப்பட்டது. இரவு நேரத் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. நோர்வேயின் 18 நகரங்களை ஆராய்ந்தவர்கள், மூடும் நேரத்தை ஒரு மணித்தியாலம் பிந்தினால் இரவு வன்முறை சுமார் 16 வீதம் கூடுவதாகக் கண்டார்கள். நாடு வேறு, மதம் வேறு, குடிக்கும் பானமும் வேறு. கணக்கு மாத்திரம் ஒரே பக்கம் சாய்கிறது.

நமது அரசாங்கத்துக்கும் இது தெரியாததல்ல. 2024 ஜனாதிபதித் தேர்தலின்போது மதுக்கடைகளை மூடுமாறு மதுவரித் திணைக்களம் உத்தரவிட்டது. காரணம் அமைதி. தேர்தல் நாளில் அமைதிக்கு உதவும் நடவடிக்கை, மற்ற நாட்களில் உதவாமல் போய்விடுமா? அரசுக்கு அமைதி வேண்டிய நாளில் கடை மூடும். ஊருக்கு அமைதி வேண்டிய நாளில் மூடாது என்றால் அது என்ன நியாயம்?

கசிப்பு என்ற பதில்

"கடையை மூடினால் கசிப்புப் பெருகும்" என்று உடனே சொல்வார்கள். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. களப்பு ஓரத்துக் கண்டல் காடுகளில் கோடாப் பீப்பாய்கள் பிடிபடுவது நமக்குப் பழகிப்போன செய்தி. 2020 மார்ச் மாதம் ஊரடங்குடன் நாடெங்கும் மதுக்கடைகள் மூடப்பட்டபோது கசிப்பு வியாபாரம் தலைதூக்கியது. 2022 நெருக்கடிக்குப் பின் சாராயத்தின் விலை ஏறியபோதும் அதுவே நடந்தது.

வெளியுலகின் பாடமும் இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. 1985இல் சோவியத் ஒன்றியத்தில் கொர்பச்சேவ் மது விற்பனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது கொலைகளும் வன்முறை மரணங்களும் குறைந்தன. கூடவே கள்ளச் சாராயம் காய்ச்சப்பட்டு, கடைகளில் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தது. இந்தியாவின் பீகாரில் 2016 ஏப்ரலில் பூரண மதுவிலக்கு வந்தது. கணவனின் வன்முறைக்கு உள்ளாகும் பெண்களின் எண்ணிக்கை அதனால் சுமார் 21 இலட்சம் குறைந்ததாக 2024இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதே பீகாரின் சாரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் நச்சுச் சாராயம் 70க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ஆனால் அரசே கடை நடத்தி மது விற்கும் தமிழ்நாட்டிலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்துக்கு 60க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். கடை திறந்திருந்தால் கள்ளச் சாராயம் ஒழிந்துவிடும் என்பதும் உண்மையல்ல.

ஆகவே, 'எல்லாவற்றையும் நாளைக்கே மூடு' என்ற கோஷத்துக்கும் 'தாராளமாகத் திற' என்ற வாதத்துக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது. புதிய கடைகளுக்கு இடம் கொடாமை, மூடும் நேரத்தை முன்தள்ளுதல், கசிப்பு வலையைச் சமரசமின்றி அறுத்தல் என்ற மூன்றையும் சேர்த்துச் செய்வது அது. இது கொள்கையை விட்டுக்கொடுப்பதாகாதா என்று சிலர் கேட்கலாம். மது படிப்படியாகவே தடைசெய்யப்பட்டது என்பதை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்ற இடைக்காலக் கட்டளை (அந்நிஸா 43), ஐவேளைத் தொழுகையுள்ள ஒரு சமூகத்தில் குடிக்கும் நேரத்தைச் சுருக்கிய ஒரு சட்டமாகவே வேலை செய்தது. முழுத் தடை அதன் பிறகே வந்தது.

நமது வீட்டுக்குள்ளும் ஒரு பார்வை

"நம்மவர்கள் குடிப்பதில்லை" என்று மேடையில் சொல்லலாம். இரவில் ஊருக்குள் நடந்து பார்ப்பவர் சொல்லத் துணிய மாட்டார். 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் முஸ்லிம் இளைஞர்கள் நால்வர் சிங்கள லொறிச் சாரதி ஒருவரைத் தாக்கினார்கள். அவர்கள் மது அருந்தியிருந்ததாகவே அன்றைய செய்திகள் கூறின. மார்ச் மாத ஆரம்பத்தில் அந்தச் சாரதி உயிரிழந்தார். அதன் பின் திகனயிலும் கண்டியின் சுற்றுப்புறங்களிலும் என்ன நடந்தது என்பது நாமறிந்ததே. நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன. அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது.

தீ வைத்தவர்களின் குற்றம் இதனால் ஒரு அணுவளவும் குறையாது. அது திட்டமிட்டுப் பரப்பப்பட்ட இனவெறி. ஆனால் வெடிமருந்து குவிந்திருக்கும் நாட்டில் தீக்குச்சியை உரசும் கை நம்முடையதாக இருக்கக் கூடாது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கிராமங்களில் வாழும் முந்தல் போன்ற பிரதேசத்தில், போதையில் நடக்கும் ஒரு கைகலப்பு இரண்டு நபர்களோடு முடிந்துவிடும் என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தான் குடிக்க மாட்டார், தொழுகையை விட மாட்டார், ஆனால் மதுக்கடைக்குக் கட்டடத்தை வாடகைக்குக் கொடுப்பார் என்ற நிலை இந்நாட்டின் நகரங்களில் இல்லாததல்ல. மது தொடர்பாக எச்சரிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றிய ஹதீஸில் அதைச் சுமப்பவரும் அதன் விலையை உண்பவரும் அடங்குவர். வாடகையின் நிலை என்ன என்பதை உலமாக்களிடம் கேட்டுத் தெளிவுபெற வேண்டியது கட்டடச் சொந்தக்காரரின் பொறுப்பு. வியாபாரியாக நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அந்த ஒரு கடையின் அதிக வாடகையை, அதே வீதியின் மற்றக் கடைகள் எல்லாம் சேர்ந்து செலுத்துகின்றன.

நாம் செய்யக்கூடியவை

ஒப்பாரி வைப்பதால் எதுவும் நடக்காது. எனது யோசனைகள் இவை.

ஒன்று, கணக்கெடுப்பு. முந்தல் பொலிஸ் பிரிவில் பதிவாகும் அடிதடி, கத்திக்குத்து முறைப்பாடுகள் எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் நடந்தவை என்ற விபரத்தைப் பெயர்களின்றித் தருமாறு வர்த்தக சங்கங்கள் எழுத்து மூலம் கேட்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகிறது. தியதேமா நகரம் தொடங்கியதும் அங்கிருந்துதான். ஆதாரத்தோடு பேசுபவனின் கடிதம் குப்பைத் தொட்டிக்குப் போவது கடினம்.

இரண்டு, சம்பள நாள். இது நமது கையிலேயே இருக்கிறது. தோட்டம், ஆலை, பண்ணை வைத்திருப்போர் வாரக் கூலியைச் சனிக்கிழமை மாலையில் ரொக்கமாகக் கொடுப்பதை நிறுத்தி, வார நடுவில் காலையில் கொடுக்கலாம். விரும்பும் தொழிலாளியின் சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். ஒரு சதமும் செலவில்லாத சீர்திருத்தம் இது.

மூன்று, கூட்டு முயற்சி. இதைப் பள்ளிவாசலின் கோரிக்கையாக மாத்திரம் கொண்டுபோனால், ஒரு சமூகம் தன் மார்க்கத்தை மற்றவர் மீது திணிக்கிறது என்று திரித்துவிடுவார்கள். உடப்பின் கோயில் நிர்வாகம், மீனவர் சங்கங்கள், விகாரை, தேவாலயம், பெண்கள் அமைப்புகள் எல்லோரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட வேண்டும். குடியினால் மிகவும் பாதிக்கப்படுபவர்கள் அவர்களின் பெண்களும் பிள்ளைகளுமே. அவர்கள் நமக்கு முன்னே நடப்பார்கள்.

நான்கு, சட்டம். புதிய அனுமதிப்பத்திரம் ஒன்றை வழங்கும் முன் அவ்வூர் மக்களின் அபிப்பிராயம் கட்டாயம் பெறப்பட வேண்டும். மூடும் நேரத்தை முன்தள்ளும் அதிகாரம் பிரதேச மட்டத்துக்குத் தரப்பட வேண்டும். 362 அனுமதிப்பத்திரங்களின் பட்டியலை வெளியிட்ட அரசாங்கத்திடம், அந்தப் பட்டியல் இனி இப்படி நீளாமலிருக்க ஒரு சட்டத்தையும் கொண்டு வாருங்கள் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. புத்தளம் மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஒரு போத்தல் விற்கும்போது அரசாங்கம் தன் பங்கை உடனே எடுத்துக்கொள்கிறது. கடைக்காரர் தன் இலாபத்தை அன்றிரவே எண்ணிவிடுகிறார். ஊர் மாத்திரம் தன் பங்கை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறது. இலாபத்தில் பங்கில்லாதவன் நட்டத்தை மாத்திரம் சுமக்கும் கூட்டு வியாபாரத்தை மார்க்கமும் ஏற்காது, புத்தியுள்ள எந்த வியாபாரியும் ஏற்க மாட்டான். எதிர்வரும் வர்த்தக சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதையும் ஒரு விடயமாகச் சேர்த்துக்கொள்ளுமாறு நமது பகுதி வியாபாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன். முயற்சி நம்முடையது, அதற்குப் பலன் தருபவன் அல்லாஹ்.